வேன் டிரைவர் மாறவில்லை, கணக்கு மிஸ்தான் மூன்று பேர்

காட்பாடிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளி. பெயர் வேண்டாம், மகள் இன்னும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கட்டடம் பளிச்சென்று இருக்கும், கழிப்பறை சுத்தம், எல்லா வகுப்பிலும் ஸ்மார்ட் போர்டு. இதிலெல்லாம் குறை சொன்னால் பாவம்.

என் குறை அவளுடைய கணக்கு நோட்டில் இருக்கிறது. ஜூனில் இருந்த மிஸ் பின்னக் கூட்டலுக்குக் குறுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தார். காலாண்டு லீவு முடிந்து போனால் வேறு மிஸ். மீ.சி.ம. எடுத்தால்தான் மார்க் என்றார். பொங்கலுக்கு அப்புறம் மூன்றாவது ஆள்; எட்டாம் வகுப்பு அறிவியலோடு இதையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். இப்போது 1/4 + 1/6 போடச் சொன்னால் மகள் மேலே குறுக்கே பெருக்கி 10, கீழே மீ.சி.ம. 12 என்று எழுதி வைக்கிறாள். இரண்டு மிஸ் சொன்னதையும் கேட்டிருக்கிறாள், என்ன செய்ய?

முதல் மிஸ்ஸைக் காட்பாடி ஸ்டேஷனில் பார்த்தேன். ஊர் குடியாத்தம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க மூன்றாவது தடவையாக வந்தாராம். "பதினோராயிரம் மேடம், அதுவும் மே மாசம் கிடையாது" என்றார். பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் பாஸ் செய்து, நியமனத் தேர்வுக்குப் படிக்கிறார். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாயில் தொடங்குகிறது. யார்தான் இங்கே உட்கார்ந்திருப்பார்கள்?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மிஸ்ஸுக்கு வருஷத்துக்கு 1,21,000. நாங்கள் கட்டுவது 42,000. மூன்று பிள்ளைகளின் ஃபீஸில் அவர் சம்பளம் முடிந்துவிடுகிறது, வகுப்பில் 34 பேர். மற்ற மிஸ்கள், கட்டடம், கரண்ட் எல்லாம் உண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும்.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டதற்கு, "கல்யாணம் ஆனா போயிடறாங்க மேடம்" என்றார்கள். இரண்டாவதாகப் போன மிஸ்ஸுக்குக் காலேஜ் படிக்கிற பையன் இருக்கிறான்.

வேன் டிரைவர் அண்ணன் மட்டும் ஆறு வருஷமாக அதே ஆள். பதினெட்டாயிரம் என்று அவரே சொன்னார். நல்ல டிரைவர் கிடைப்பது கஷ்டமாம்.

வேனுக்கு ஐந்து ஸ்டார், கணக்குக்கு இரண்டு. சேர்க்கப் போகிறவர்கள் ஸ்மார்ட் போர்டைப் பார்த்தது போதும், அங்கே படிக்கிற ஒரு பிள்ளையின் போன வருஷ நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் எத்தனை மிஸ்களின் கையெழுத்து என்று எண்ணிவிட்டு ஃபீஸ் கட்டுங்கள்.