கேம்போர்ட் ஜாய்ஸ்டிக் அடாப்டர் வாங்குவோர் கவனத்திற்கு

பழைய சவுண்ட் கார்டுகளில் இருந்த கேம்போர்ட் என்ற பதினைந்து பின் இணைப்பில் செருகும் ஜாய்ஸ்டிக்கை இன்னமும் பத்திரமாக வைத்திருப்பவர்கள், அதைப் புதிய கணினியில் இணைக்க அடாப்டர் வாங்கும் முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் அண்ணன் 1998இல் விமான விளையாட்டுகளுக்காக வாங்கிய ஜாய்ஸ்டிக் எங்கள் வீட்டில் இருக்கிறது. இன்றைய மதர்போர்டுகளில் கேம்போர்ட் கிடையாது. விண்டோஸும் விஸ்டா பதிப்போடு அதற்கான ஆதரவைக் கைவிட்டுவிட்டது. ஆகவே, "எல்லாப் பழைய ஜாய்ஸ்டிக்குகளுக்கும் பொருந்தும், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இயங்கும்" என்ற விளம்பரத்தை நம்பி, ஓர் இணைய விற்பனையாளரிடம் 1,450 ரூபாய்க்கு யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கினேன். செருகியபோது கணினியில் எந்த அசைவும் இல்லை. வேறு இரண்டு கணினிகளிலும் அதே நிலைதான்.

ஜாய்ஸ்டிக் பழுதாக இருக்குமோ என்று முதலில் அதையே சோதித்தேன். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் இடையே அளந்துகொண்டே கைப்பிடியை இடவலமாக நகர்த்தினால், மின்தடை ஏறியிறங்க வேண்டும். 1க்கும் 6க்கும் இடையே அளந்தால் முன்பின் அசைவு தெரியும். இரண்டும் சீராக இருந்தன. பிறகு அடாப்டரைத் திறந்தேன். உள்ளே சிப் என்று எதுவுமே இல்லை. பதினைந்து பின் முனையிலிருந்து நான்கு கம்பிகள் நேராக யூ.எஸ்.பி. முனைக்குச் சென்றன, அவ்வளவுதான்.

இது ஏன் ஒருபோதும் இயங்காது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1981இல் ஐ.பி.எம். கொண்டுவந்த கேம்போர்ட் முறையில், கைப்பிடியின் அசைவு ஒரு பொட்டென்சியோமீட்டரின், அதாவது திருகினால் அளவு மாறும் தடையின், மின்தடையை மாற்றுகிறது. அந்தத் தடையின் வழியாக மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு கெபாசிட்டர் நிரம்ப எடுக்கும் நேரத்தை வைத்துக் கணினி கைப்பிடியின் நிலையை அறிகிறது. யூ.எஸ்.பி.க்கு மின்தடையை அளக்கத் தெரியாது. இடையில் அளந்து, எண்ணாக மாற்றி அனுப்ப ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் கட்டாயம் வேண்டும். வெறும் கம்பி இணைப்பான் என்ற ஒன்று உண்மையில் உண்டு: மைக்ரோசாஃப்டின் சைட்விண்டர் ஜாய்ஸ்டிக் வரிசையில் சில மாதிரிகள் யூ.எஸ்.பி. முறையையும் தமக்குள்ளேயே கொண்டிருந்ததால், அவற்றுக்கு அத்தகைய பிளக் போதுமானதாக இருந்தது. அதைப் போன்றதைத்தான் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று எனக்கு விற்றிருக்கிறார்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது விற்பனையாளர் நடந்துகொண்ட விதம். ஜாய்ஸ்டிக்தான் செத்துவிட்டது என்றார். மீட்டர் காட்டிய அளவுகளைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கருவியை இயக்க உதவும் டிரைவர் மென்பொருள் ஒன்றை அனுப்பி, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு நிறுவச் சொன்னார். சிப்பே இல்லாத பொருளுக்கு எந்த டிரைவரும் உதவாது என்பதாலும், ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எதையும் நான் நிறுவுவதில்லை என்பதாலும் மறுத்தேன். அதன்பின் நான்கு நாள் பதிலே இல்லை. வந்தபோது, திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள் முடிந்துவிட்டது என்று வந்தது. பேச்சு நடக்கும்போதே திருப்பி அனுப்பும் கோரிக்கையை முதல் நாளிலேயே பதிந்திருக்க வேண்டும். நீங்களாவது அப்படிச் செய்யுங்கள்.

சிப் உள்ள அடாப்டர், ஜாய்ஸ்டிக்கை மாட்டாமல் தனியாகச் செருகினாலே விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பட்டியலில் தோன்றும். அந்த ஒரு காட்சியைக் காணொளியாக அனுப்பும்படி வாங்குவதற்கு முன்பே விற்பனையாளரிடம் கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள். உங்களுடையது மின்தடையாக அல்லாமல் டிஜிட்டல் முறையில் மட்டும் பேசும் சைட்விண்டர் என்றால், சிப் உள்ள சாதாரண அடாப்டரும் பயன்படாது, ஏனெனில் அது மின்தடையைத்தான் எதிர்பார்க்கிறது. உங்கள் மாதிரியின் பெயரைச் சொல்லி, அதற்கு இயங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக் கேட்டு வேறோர் இடத்தில் வாங்கிய அடாப்டரில், கைப்பிடியின் நடுநிலையையும் எல்லைகளையும் கணினிக்குக் காட்டி ஒருமுறை காலிபிரேட் செய்ததும், அண்ணனின் ஜாய்ஸ்டிக் நான்கு பொத்தான்களோடும் நன்றாக இயங்குகிறது. முதல் விற்பனையாளர்மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அந்த அடாப்டர் அதே படத்தோடும் அதே வாசகத்தோடும் இன்று காலையிலும் விற்பனையில் இருந்தது.