கப் கழுவும் குடுவையோடு 30 மாதங்கள்

எங்கள் அலுவலகக் கழிவறையில் கதவுக்கு உள்ளே குழாய் கிடையாது. வாஷ்பேசின் வெளியே, கண்ணாடிக்குக் கீழே. ரத்தத்தை உள்ளேயே பிடித்து வைக்கிற சிலிகோன் கிண்ணமான மாதவிடாய் கப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது போதும், மீதிக் கதை தானாகப் புரிந்துவிடும். 12 மணி நேரம் வரை உள்ளே வைக்கலாம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு, 8 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்பவையும் உண்டு. என் இரண்டாம் நாளுக்கு இரண்டு கணக்குமே ஒத்துவராது. மதியம் ஒருமுறை எடுத்துக் கொட்டி, அலசி, திரும்ப வைத்தே ஆகவேண்டும்.

அதற்காகத்தான் கையில் கொண்டுபோகும் இந்தச் சுத்தம் செய்யும் கருவியை வாங்கினேன். 30 மாதம் ஆகிவிட்டது. ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு ஐந்து நட்சத்திரம் போடுகிற விமர்சனங்களை நம்பி வாங்கியவள் நான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன்.

பார்க்க ஒரு குட்டி ஃபிளாஸ்க் மாதிரி இருக்கும், இரண்டு பாகம். மேல் பாகத்தில் கப்பைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகிக் குலுக்கவேண்டும். சுவரில் மெத்தென்ற சிலிகோன் முட்கள், கப்பைத் தேய்த்துவிட. கீழ்ப் பாகத்தில் சூடாக்கும் தட்டு. 30 மில்லி தண்ணீர் விட்டு யூஎஸ்பி வயரைச் சொருகினால் ஆவி மேலேறிக் கப்பில் இருக்கும் கிருமியைக் கொல்லும். எடையிலும் இடத்திலும் முக்கால்வாசி இந்தக் கீழ்ப் பாகம்தான்.

எனக்கு இதன் மேல் உள்ள பெரிய வழக்கே அதுதான். கப்பைக் கொதிக்க வைப்பது ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரே ஒரு முறை. நடுவில் வரும் நாட்களில் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். ஆக, மாதம் பத்துப் பன்னிரண்டு தடவை அலசல், ஒரு தடவை ஆவி. செய்தவர்கள் மூளையை முழுக்க அந்த ஒரு தடவைக்குச் செலவழித்திருக்கிறார்கள். பத்துத் தடவை படுகிற பாட்டை யோசிக்க நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

என்ன பாடு? மூடியை மூன்று சுற்று திருகவேண்டும். இதை ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து செய்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கழிவறையில் குந்தியோ குனிந்தோ இருக்கும்போது, ஒரு கையில் நிறைந்த கப், விரலெல்லாம் வழவழவென்று ரத்தம், இன்னொரு கையில் குடுவை. மூடி வழுக்கும். முதல் மாதமே அது தரையில் விழுந்து பக்கத்துக் கதவின் அடிவரை உருண்டு போனது. அதன் பிறகு உட்காரும் முன்பே மூடியைத் திறந்து, பாதித் தண்ணீர் ஊற்றி, சட்டைப் பையில் ஒரு டிஷ்யூ வைத்துக்கொண்டுதான் மற்ற வேலை. ஒரு கட்டை விரலால் அமுக்கினால் திறக்கிற மூடி போதும், இந்த நாடகம் வேண்டாம். தண்ணீர் பாட்டிலுக்கு எத்தனை காலமாக இருக்கிறது அந்த மூடி!

குலுக்கினால் சுத்தமாகிறதா? வெளிப்புறம் ஆகிறது, உட்புறமும் பரவாயில்லை. விளிம்புக்குக் கீழே இருக்கிற காற்றுத் துளைகள் மட்டும் ஆவதே இல்லை. உள்ளே வெற்றிடப் பிடிப்பு விடுவதற்காக இருக்கிற குண்டூசித் தலையளவு ஓட்டைகள் அவை, அடைத்துக்கொண்டால் கப்பை எடுப்பதும் சிரமம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கப் நிறையத் தண்ணீர் பிடித்து, வாயை உள்ளங்கையால் இறுக்க மூடி, கவிழ்த்து ஒரு அமுக்கு. நாலு ஓட்டையிலும் நூல் மாதிரி தண்ணீர் பீய்ச்சும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் அதுதான் அடைத்திருக்கிறது. இந்தக் குடுவையின் கையேட்டில் பதினான்கு படங்கள் இருந்தன, இது இல்லை.

இல்லாததால் வந்த வினை: முதல் மூன்று மாதத்தில் என் கப் பழுப்பேறிவிட்டது. ரத்தத்தில் இருப்பது புரதம். சூடு பட்டால் இறுகிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசு என்று எல்லா வீட்டிலும் சொல்வது. நான் துளையில் மிச்சம் இருந்ததைக் கவனிக்காமல் நேரே ஆவியில் வைத்துவிட்டேன், வெந்து பதிந்துவிட்டது. இப்போது முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வாசனையில்லாத மிதமான சோப்பு, ஓட்டை சோதனை, கடைசியில்தான் சூடு. ஏறிய பழுப்பு வெயிலில் வைத்து வைத்துக் கொஞ்சம் வெளுத்தது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் கறையை எடுக்கும், ஆனால் கப்போடு வந்த குறிப்பில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். கறை என்பது பார்வைக்குத்தான், கப் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. பிசுபிசுப்பு, விரிசல், மேலே பொடி மாதிரி உதிர்வது இதெல்லாம் வந்தால்தான் தூக்கிப் போடவேண்டும்.

ஆவி பற்றியும் சொல்லிவிடுகிறேன். “எந்த யூஎஸ்பி சார்ஜரிலும்” என்று பெட்டியில் போட்டிருந்தது. என் பழைய போன் சார்ஜர் 5 வாட். அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 30 மில்லி தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 9,400 ஜூல் வேண்டும். 5 வாட்டில் துளி வெப்பம்கூட வீணாகாமல் இருந்தாலே அரை மணி. குடுவையின் சுவர் வழியாகப் போகிற வெப்பம் வேறு, கொதி எப்படி வரும்? 20 வாட் அடாப்டர் மாற்றியதும் 12 நிமிடத்தில் ஆவி வந்தது. 10,000 மில்லிஆம்ப்-அவர் (mAh) பவர் பேங்க்கில் நாலைந்து முறை ஓடும். இதைப் பெட்டியில் ஒரு வரி அச்சடித்திருக்கலாம். தண்ணீர் உப்பாக இருந்தால் தட்டில் வெள்ளையாகப் படியும், மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றி விட்டால் போய்விடும்.

ஆவி முடிந்ததும் கருவி ஐந்து முறை கத்தும். நிறுத்த வழியில்லை. ஒரு பயிற்சி முகாமில் ஆறு பேர் தங்கிய அறையில் விடிகாலையில் வைத்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்: “என்னடி அது, இந்நேரத்துக்குக் கத்துது?”

“அலாரம்க்கா, தூங்குங்க.”

“அலாரத்துக்கு ஏன் புகை வருது?”

அப்புறம் அந்த அக்காவும் கப் தான் என்று தெரிந்தது. அவரிடம் இருந்தது புறஊதா விளக்குப் பெட்டி. நானும் ஒரு மாதம் இரவல் வாங்கிப் பார்த்தேன். சத்தமில்லை, தண்ணீர் வேண்டாம், 3 நிமிடம்தான். ஆனால் புறஊதா ஒளி தான் படுகிற இடத்தில்தான் வேலை செய்யும். கப்பின் உள் அடிப்பகுதி, விளிம்பு மடிப்பு, அந்த ஓட்டைகள் எல்லாம் நிழலில் நிற்கும். மேலே ரத்தப் படலம் ஒட்டியிருந்தால் அதற்கு அடியிலும் போகாது. கிருமியைக் கொல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, நாம் பார்க்கிற நீல வெளிச்சம் வெறும் அடையாளம்தான். மூடியைத் திறந்தால் தானே அணையாத பெட்டி என்றால் வாங்கவே வேண்டாம், கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல்.

ரத்தப்போக்கு அதிகம் இல்லாத நாட்களில் நான் துணி நாப்கின். குடுவை இரண்டுக்கும் ஆகும் என்று விளம்பரம். மேல் பாகத்தில் ஒரு சின்ன பேன்டிலைனரை (மெல்லிய நாப்கின்) அமுக்கி அலசலாம், அவ்வளவுதான். ஒருமுறை ஆசைப்பட்டு ஆவியில் வைத்தேன். உள்ளே ஒட்டியிருந்த நீர்புகாத படலம் கொப்பளித்துக் கழன்றது, நாப்கின் ஒழுக ஆரம்பித்துவிட்டது. அந்தத் தப்பு என்னுடையது. அந்தப் படலத்துக்கு அவ்வளவு சூடு ஆகாது என்று நாப்கின் பையிலேயே போட்டிருந்தது.

துணிக்கு எனக்கு வேண்டியது கழுவும் கருவியே இல்லை, உலர்த்தும் கருவி. கழுவுவது ஐந்து நிமிட வேலை. பயணத்தில் காய்வது ஒரு நாள் முழுக்க இழுக்கும், அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் வாடை, பூஞ்சை. இதை யோசித்த வடிவமைப்பு ஒன்று உண்டு: அமெரிக்காவின் ஆர்ட் சென்டர் கல்லூரியில் மரிக்கோ ஹிகாகி இவாய் என்ற மாணவி குழுவோடு சேர்ந்து செய்த ‘ஃப்ளோ’. கூடைக்குள் துணியைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் பம்பரம் மாதிரி சுற்றி நீரை உதறிவிடும், மின்சாரமே வேண்டாம். படம் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல்தான் கண். அது கையில் வரும்வரை என் வழி: உலர்ந்த துண்டில் நாப்கினைச் சுருட்டி, தரையில் போட்டு, மேலே ஏறி நின்று இரண்டு நிமிடம் மிதிப்பது. காயும் நேரம் பாதியாகிவிடும்.

20-வது மாதத்தில் குடுவையிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. எத்தனை கழுவியும் போகவில்லை. ஒருநாள் சேஃப்டி பின்னை வைத்து மூடிக்குள் இருந்த ரப்பர் வாஷரை நெம்பி எடுத்தேன். அடியில் கறுப்பாக ஒரு வளையம், பூஞ்சையும் பழைய ரத்தமும் சேர்ந்து. கழற்றவே கூடாது என்கிற மாதிரி இறுக்கிச் செருகியிருந்தார்கள். நான் நெம்பியதில் வாஷரும் கிழிந்தது.

இப்போது கீழ்ப் பாகம் அலமாரியில், மாதம் ஒருநாள் வெளியே வரும். மேல் பாகத்துக்கு வேறொரு பாட்டிலின் அமுக்கு மூடியைப் பொருத்தியிருக்கிறேன், கொஞ்சம் கசியும், ஆனாலும் தினமும் பையில் இருப்பது அதுதான். வாஷர் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று செய்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். உதிரி பாகம் விற்பதில்லை, புது மாடல் வருகிறது, அதில் செயலி மூலம் நினைவூட்டல் வரும் என்று பதில் போட்டிருந்தார்கள். மூடியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று சுற்றுதான்.