ஓடையின் நலம் பார்க்க: கிட்டா, பூச்சியா?

நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு சின்ன ஓடை. அது நலமாக இருக்கிறதா என்று பார்க்க நீர்ப் பரிசோதனை கிட் வாங்குவதா, கல்லுக்கு அடியில் பூச்சி தேடுவதா?

செலவு: கிட்டில் மருந்து தீர்ந்தால் மறுபடி வாங்க வேண்டும். பூச்சிக்கு வலை, வெள்ளைத் தட்டு, லென்ஸ் போதும்.

எளிமை: கிட்டில் நிறத்தை ஒப்பிட்டால் முடிந்தது. பூச்சிகளை அடையாளம் காணக் கொஞ்ச நாள் பழக வேண்டும்.

நம்பகம்: விஷயமே இங்கேதான். கிட் சொல்வது அந்த நேரத்து நிலையை மட்டும். நண்பகலில் பாசி ஆக்சிஜன் விடும்போது அளவு பிரமாதமாகத் தெரியும். விடியற்காலையில் அதே நீரில் மிகவும் குறைந்திருக்கலாம். நேற்று கலந்து ஓடிப்போன பூச்சிக்கொல்லியும் சாதாரண கிட்டில் சிக்காது. ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் நீரில் வாழும் இளம்பூச்சியோ மாதக்கணக்கில் கல்லடியிலேயே கிடக்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று. சிவப்பு இரத்தப்புழு மட்டும் நெளிந்தால் சந்தேகப்படுங்கள் (ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைவை அது தாங்கும்). வெள்ளம் வடிந்த கையோடு தேடாதீர்கள், பாதி அடித்துப் போயிருக்கும்.

ஆண்டுக்கணக்கில் கவனிக்கப் பூச்சி. திடீரென மீன் செத்து மிதந்தால், உடனே கிட். குடிக்கலாமா என்று கேட்டால் இரண்டும் உதவாது, ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.