தொலைபேசி எண் டொமைன்: பதிவாளரின் தொழில்நுட்ப அங்கீகாரத்துக்கு எந்த முறை ஏற்றது?

சாதாரண டொமைன் பெயரை முதலில் கேட்டவருக்கே கொடுத்துவிடலாம். அந்தப் பெயர் உண்மையில் யாருக்கு உரியது என்ற கேள்வி, பெரும்பாலும், யாராவது தகராறுக்கு வந்த பிறகுதான் எழும். தொலைபேசி எண்ணை இணைய முகவரிகளோடு இணைக்கும் இ-நம் (ENUM) முறையில், அந்த எண்ணிலிருந்தே உருவாகும் டொமைனில் இப்படிச் செய்ய முடியாது. அந்த எண் ஏற்கெனவே ஒரு சந்தாதாரரிடம் இருக்கிறது. அதை அவருக்கு ஒதுக்கியது தொலைபேசி நிறுவனம், டொமைன்களின் மூலப் பட்டியலைப் பராமரிக்கும் பதிவகத்துக்கு அதில் பங்கில்லை. ஆகவே வாடிக்கையாளருக்காகப் பதிவகத்தில் டொமைனைப் பதிந்துதரும் பதிவாளர், விண்ணப்பிப்பவர்தான் அந்த எண்ணுக்கு உரியவர் என்பதைப் பதிவுக்கு முன்பே உறுதிசெய்தாக வேண்டும். அந்த உறுதியைப் பதிவகம் எந்த வடிவில் கேட்டு வாங்குகிறது என்பதில்தான் அங்கீகார நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். பிரிட்டனில் நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் என ஒதுக்கிவைத்துள்ள எண்களில் ஒன்றான +44 20 7946 0148 என்பதை எடுத்துக்கொள்வோம். கூட்டல் குறியையும் இடைவெளிகளையும் நீக்கி, இலக்கங்களைத் தலைகீழாக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் புள்ளி வைத்து, இறுதியில் இ164.ஆர்ப்பா என்று சேர்த்தால் 8.4.1.0.6.4.9.7.0.2.4.4.இ164.ஆர்ப்பா என்ற டொமைன் கிடைக்கும். அதன்கீழ் வைக்கும் என்.ஏ.பி.டி.ஆர். (NAPTR) எனும் வழிகாட்டிப் பதிவுகள், இந்த எண்ணுக்கான அழைப்பு எந்த சிப் (SIP, இணையத் தொலைபேசி) முகவரிக்கோ மின்னஞ்சலுக்கோ போக வேண்டும் என்பதைச் சொல்கின்றன. 2000-இல் ஆர்.எஃப்.சி. (RFC) 2916 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகத் தொடங்கிய இந்த முறை, 2004-இல் 3761 ஆகவும், 2011-இல் 6116 ஆகவும் திருத்தி எழுதப்பட்டது.

இ164.ஆர்ப்பா மண்டலத்தை, அதாவது அந்த முடிவின்கீழ் வரும் பெயர்களின் தொகுதியை, ஐரோப்பா உள்ளிட்ட பகுதிக்கு இணைய முகவரிகளை ஒதுக்கும் ரைப் என்.சி.சி. (RIPE NCC) இயக்குகிறது. ஒரு நாட்டின் தொலைபேசிக் குறியீட்டுக்கான டொமைன் யாரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியாக அந்த நாட்டின் ஒப்புதல் பெறப்படுகிறது. அதற்குக் கீழே பதிவாளரை அங்கீகரிப்பது அந்தந்த நாட்டுப் பதிவகத்தின் பொறுப்பு. .காம் போன்ற பொது டொமைன்களுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பு வைத்திருப்பதைப் போன்ற ஒரே உலகளாவிய பதிவாளர் ஒப்பந்தம் இங்கே இல்லை. அதனால்தான் ஒரே வேலைக்கு வெவ்வேறு தேர்வு முறைகள் உருவாகியிருக்கின்றன.

எல்லா முறைகளுக்கும் பொதுவானவை

இந்தப் பகுதியில் சர்ச்சைக்கு இடமில்லை. பதிவாளரின் மென்பொருள், பதிவகத்துக்குக் கட்டளைகளை அனுப்பப் பயன்படும் இ.பி.பி. (EPP) நெறிமுறையைப் பேச வேண்டும். இணைப்பு 700-ஆம் போர்ட்டில், டி.எல்.எஸ். (TLS) எனும் குறியாக்கப் பாதுகாப்புடன் அமைய வேண்டும். உருவாக்குதல், மாற்றுதல், புதுப்பித்தல், நீக்குதல், இடமாற்றம் ஆகிய கட்டளைகளைச் சோதனைச் சேவையகத்தில் பிழையின்றி இயக்கிக் காட்ட வேண்டும். 2005-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4114, என்.ஏ.பி.டி.ஆர். விவரங்களை இ.பி.பி. கட்டளையோடு சேர்த்தே அனுப்ப வழிசெய்கிறது. பதிவகம் அந்த வழியை ஏற்காவிட்டால், பதிவாளரோ அவருடைய வாடிக்கையாளரோ தங்கள் சொந்தப் பெயர்ச் சேவையகங்களில் அவற்றை வைத்துக்கொள்வார்கள். பொது டொமைன் தொழிலில் இருக்கும் எந்தப் பதிவாளரும் இதுவரை சொன்னவற்றை அதிகச் சிரமமின்றி நிறைவேற்றிவிடுவார். சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

முதல் முறை: பதிவாளர் சொல்லும் தேதி

மிக எளிய முறையில், எண்ணைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் பதிவாளருடையது. செக் குடியரசின் சி.இசட்.நிக் உருவாக்கிய ஃபிரெட் பதிவக மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் இ-நம் நீட்சியில், சரிபார்ப்பு எந்த நாள் வரை செல்லும் என்ற ஒரே தேதியைப் பதிவாளர் கட்டளையோடு சேர்த்து அனுப்புகிறார். அந்தத் தேதி கடந்துவிட்டால் டொமைன் சரிபார்க்கப்படாத நிலைக்குச் சென்று, மண்டலத்திலிருந்து வெளியே எடுக்கப்படும். ஆனால் பதிவு அழிந்துவிடாது.

இம்முறையில் தொழில்நுட்பச் சுமை மிகக் குறைவு. நிரலாளர் ஒருவர் சில நாள்களில் இதைத் தம் மென்பொருளில் சேர்த்துவிடலாம். ஆனால் பதிவகத்தின் கண்ணுக்குத் தெரிவது ஒரு தேதி மட்டுமே. அதற்குப் பின்னால் உண்மையான சரிபார்ப்பு நடந்ததா என்பது தெரியாது. டொமைனைப் புதுப்பிக்கும் கட்டளை போகும்போதெல்லாம் சரிபார்ப்புத் தேதியையும் தானாகவே தள்ளிவைக்கும்படி எழுதப்பட்ட ஒரு சிறு நிரல், எல்லாத் தொழில்நுட்பத் தேர்விலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். எனவே இம்முறையைத் தேர்ந்தெடுக்கும் பதிவகம், கட்டளைத் தேர்வோடு நிறுத்திக்கொண்டால் போதாது. சரிபார்ப்பு ஆவணங்களைப் பதிவாளர் எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்கிறார், கேட்டவுடன் எடுத்துத் தர முடியுமா என்பவற்றைத் தணிக்கையில் சோதிக்கும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சரிபார்ப்பின் வலிமை அங்கே மென்பொருளிலிருந்து காகிதத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

இரண்டாம் முறை: விவரத்தோடு கூடிய அறிவிப்பு

2007 டிசம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5076 ஒரு படி மேலே போகிறது. சரிபார்த்த அமைப்பு எது, பயன்படுத்திய முறை எது, எந்த நாளில் நடந்தது, எப்போது காலாவதியாகும் என்ற விவரங்களை இ.பி.பி. கட்டளைக்குள்ளேயே அனுப்ப அது வழிவகுக்கிறது. இதனால் பதிவகம் புள்ளிவிவர அளவிலாவது கண்காணிக்க முடியும். ஒரு பதிவாளரின் பதிவுகள் எல்லாமே ஒரே நாளில், ஒரே முறையில் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டினால் சந்தேகப்படலாம். ஆனாலும் இதுவும் பதிவாளரின் வாக்குமூலமே. மூன்றாவது ஒருவர் அதற்குச் சாட்சி சொல்வதில்லை. நடைமுறையில் முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் இடையே நிற்கும் சமரசம் என்பதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மூன்றாம் முறை: கையொப்பமிட்ட டோக்கன்

2006-இல் வந்த ஆர்.எஃப்.சி. 4725, பதிவாளரையும் சரிபார்ப்பு அமைப்பையும் இரு தனிப் பாத்திரங்களாகப் பிரித்துக் காட்டியது. ஒரே நிறுவனம் இரண்டையும் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். அதன் தொடர்ச்சியாக 2007 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 5105, சரிபார்ப்பின் முடிவை, குறிச்சொற்களோடு எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். (XML) வடிவில் ஒரு டோக்கனாக, அதாவது மின்னணுச் சான்றாக, வடிவமைத்தது. ஆஸ்திரியப் பதிவக நிறுவனத்திலிருந்து வந்த இந்த வடிவத்துக்குப் பின்னால் நேரடி அனுபவம் இருந்தது: ஆஸ்திரியா 2004 டிசம்பரிலேயே இ-நம் பதிவை வணிக அளவில் தொடங்கிவிட்ட நாடு.

டோக்கனில் ஒரு வரிசை எண், தொலைபேசி எண், சரிபார்த்த அமைப்பின் அடையாளம், எந்தப் பதிவாளருக்காகச் சரிபார்க்கப்பட்டது என்பதன் அடையாளம், முறை, நடந்த நாள், காலாவதி நாள் ஆகியவை இருக்கும். தொடர்ச்சியான எண்களின் தொகுதியாக இருந்தால் கடைசி எண்ணையும் குறிப்பிடலாம். இவை அனைத்தின்மீதும் சரிபார்ப்பு அமைப்பின் மின்கையொப்பம் இடப்படுகிறது. பதிவாளர் அடையாளம் உள்ளே இருப்பதால், ஒருவர் பெற்ற டோக்கனை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த முடியாது. எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினாலும் கையொப்பம் பொய்த்துப்போகும்.

இந்த முறையில் பதிவாளருக்கான தேர்வு உண்மையிலேயே கடினமாகிறது, அதுவும் எதிர்பாராத இடத்தில். டோக்கனைப் பெற்று, அதை இ.பி.பி. கட்டளைக்குள் பொதிந்து அனுப்புவதுதானே என்று தோன்றும். ஆனால் பல எக்ஸ்.எம்.எல். நிரல் நூலகங்கள், அனுப்பும் முன் உள்ளடக்கத்தை அழகாக வரிபிரித்து, இடைவெளிகளைச் சேர்த்துவிடும். கையொப்பத்துக்கு அந்த இடைவெளிகளும் உள்ளடக்கத்தின் பகுதியே; அவை மாறியவுடன் சரிபார்ப்பு தோற்றுவிடும். டோக்கன் இன்னோர் ஆவணத்துக்குள் நுழையும்போது வெளி ஆவணத்தின் பெயர்வெளி அறிவிப்புகள் (குறிச்சொற்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்பவை) உள்ளே ஒட்டிக்கொள்ளும் தொல்லையும் உண்டு. அதைத் தவிர்க்கத்தான் வெளிச் சூழலை விலக்கிக் கணக்கிடும் நெறிப்படுத்தல் முறையை 5105 வேண்டுகிறது. அங்கீகாரத் தேர்வில் ஒரு டோக்கனை ஒரு முறை ஏற்றுக் காட்டினால் போதும் என்று விட்டுவிடாமல், டோக்கனைப் பைட்டுக்குப் பைட்டு மாறாமல் கொண்டுசேர்க்கும் திறனைச் சோதிப்பதே சரி.

அதைவிட முக்கியமானவை எதிர்மறைச் சோதனைகள். காலாவதியான டோக்கன், வேறு பதிவாளருக்கு வழங்கிய டோக்கன், அங்கீகாரம் பெறாத அமைப்பு கையொப்பமிட்ட டோக்கன், எண் பொருந்தாத டோக்கன் ஆகியவற்றைத் தெரிந்தே அனுப்பச் சொல்ல வேண்டும். பதிவகம் இவற்றை மறுக்கும் என்பதில் வியப்பில்லை. மறுப்பு வந்தபின் பதிவாளரின் மென்பொருள் என்ன செய்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. 2000-க்கு மேற்பட்ட பிழைக் குறியீட்டைப் புரிந்துகொண்டு வேலையை மனிதரிடம் ஒப்படைக்கிறதா, அல்லது இணைப்புக் கோளாறு என்று எண்ணி அதே கட்டளையை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறதா?

இடமாற்றமும் காலாவதியும்

பொது டொமைன்களில், இடமாற்றக் குறியீட்டைக் காட்டினாலே டொமைனைப் புதிய பதிவாளரிடம் கொண்டுபோக முடிகிறது. ஐகானின் 2013 ஒப்பந்தம் பதிவுதாரரின் மின்னஞ்சலையோ தொலைபேசியையோ 15 நாளுக்குள் சரிபார்க்கச் சொல்கிறது என்றாலும், அது தொடர்புகொள்ள முடிகிறதா என்ற சோதனை மட்டுமே. பெயருக்கான உரிமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இ-நம்மில் குறியீடு சரியாக இருந்தாலும், எண் இன்னும் பதிவுதாரரிடம்தான் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. டோக்கன் முறையில் புதிய பதிவாளர் தம் பெயரில் புதிய டோக்கனைப் பெற்றே ஆக வேண்டும் என்பதால் விடை தானாகவே கிடைத்துவிடுகிறது. தேதி முறையில் பழைய தேதி அப்படியே தொடர்ந்து செல்லுபடியாகும் அபாயம் இருப்பதால், அதற்கெனத் தனி விதி எழுத வேண்டியிருக்கும்.

ஒருவர் தம் எண்ணை வைத்துக்கொண்டே தொலைபேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும்போது டொமைன் உரிமை மாறுவதில்லை. ஆனால் அதுவரை சரிபார்த்துவந்தது பழைய நிறுவனமாக இருந்தால், அடுத்த சரிபார்ப்பை அதனால் செய்ய முடியாது. எண்ணையே கைவிட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அந்த எண் சில காலம் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படும். பழைய என்.ஏ.பி.டி.ஆர். பதிவு அப்போதும் உயிரோடு இருந்தால், புதிய சந்தாதாரருக்கு வர வேண்டிய இணைய வழி அழைப்பு முந்தையவரின் சிப் முகவரிக்குப் போய்ச் சேரும். இதனால்தான் மறுசரிபார்ப்பை இ-நம் அங்கீகாரத்தின் மையமாக நான் கருதுகிறேன். முதல் பதிவை மட்டும் சோதித்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் எந்தத் தேர்வும், மூன்று முறைகளில் எதைச் சார்ந்ததாயினும், பாதித் தேர்வுதான்.

யாருக்கு எது

பதிவாளர்கள் எல்லோரும் எண்களை ஒதுக்கும் தொலைபேசி நிறுவனங்களாகவே இருக்கும் சந்தையில் டோக்கன் முறை தேவையற்ற சுமை. எண்ணை ஒதுக்கியவரே பதிவாளராகவும் இருக்கும்போது தமக்குத்தாமே கையொப்பமிட்டுக் காட்டுவதில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. அங்கே முதல் முறையோடு, எண் துண்டிக்கப்பட்ட நாளிலேயே டொமைனையும் நீக்கும் உள் இணைப்பு இருக்கிறதா என்று சோதித்தால் போதும். மாறாக, வலைத்தள வசதி தரும் நிறுவனங்களும் இணையத் தொலைபேசி மறுவிற்பனையாளர்களும் பதிவாளர்களாக வரும் சந்தையில், எண் ஒதுக்கீட்டுத் தரவைப் பார்க்கும் வசதி அவர்களுக்கு இருக்காது. திரும்ப அழைத்துக் கடவுக்குறியீடு சொல்வது போன்ற முறைகளையே அவர்கள் நம்பியிருக்க வேண்டிவரும். அலுவலகத் தொலைபேசியை எடுத்தவர் அந்த எண்ணின் சந்தாதாரராகத்தான் இருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை. இத்தகைய சந்தையில் தனி அமைப்பின் கையொப்பமிட்ட டோக்கன் செலவுக்குத் தக்க பலன் தரும் என்பது என் கணிப்பு.

சந்தாதாரரே தம் எண்ணைப் பதிந்துகொள்ளும் இந்தப் பயனர் இ-நம் எதிர்பார்த்த அளவு பரவவில்லை என்பதும் இந்தக் கணக்கில் சேரும். சில ஆயிரம் டொமைன்களுக்காகச் சான்றிதழ் மேலாண்மை, கையொப்பச் சோதனை, தனி அங்கீகார அமைப்புகள் என்று கட்டியெழுப்பச் சிறிய பதிவகம் தயங்குவது நியாயமே. அப்படிப்பட்ட பதிவகம் இரண்டாம் முறையில் தொடங்கி, சரிபார்த்த அமைப்பின் அடையாளத்தை முதல் நாளிலிருந்தே கட்டாயப் புலமாக வைத்துக்கொள்ளலாம். பின்னர் டோக்கனுக்கு மாற நேர்ந்தால், எந்தப் பதிவை யாரிடம் மீண்டும் சரிபார்க்கச் சொல்வது என்ற பட்டியல் கையில் தயாராக இருக்கும்.