கல்யாண மண்டபமா, காசிமேடா?

வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் படம் எடுத்துக் கைதேர்ந்த இளைஞர்கள் சிலர், பழகிய வேலையிலேயே நிற்பதா, வடசென்னை வாழ்க்கையை ஆவணப்படுத்த இறங்குவதா என்று கேட்கிறார்கள்; இரண்டையும் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

வருமானம்: மண்டபத்தில் முன்பணம் வந்த பிறகே கேமராப் பையைத் திறக்கிறோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் எடுத்தாலும் ஒரு ரூபாய்கூட வராமல் போகலாம்.

செலவு: மண்டபத்துக்கு விளக்கு, உதவியாளர், ஆல்பம். காசிமேட்டுக்கு 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். ஆனால் உப்புக்காற்று பட்ட கருவியை அன்றன்றே துடைத்தாக வேண்டும்.

கற்றல்: என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம். மண்டபத்தின் வெள்ளைக் கூரையை நோக்கி ஃபிளாஷைத் திருப்பினால் முகம் மென்மையாக ஒளிரும். விடியுமுன் திறந்தவெளியில் நடக்கும் மீன் ஏலத்தில் அந்த வசதியும் இல்லை, "இப்படித் திரும்புங்கள்" என்று சொல்லவும் முடியாது. கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, கூடையைச் சாய்க்கும் அக்காவின் கை எப்போது உயரும் என்று காத்திருந்து பழகிய கண், பிறகு மண்டபத்தில் தாலி கட்டும் நொடியில் மணமகளுடைய தந்தையின் முகத்தைத் தவறவிடுவதில்லை.

கடன் தவணை உள்ளவர்கள் முகூர்த்த நாட்களை விடாமல், ஆடியிலும் மார்கழியிலும் துறைமுகம் செல்வது நல்லது. ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு உள்ளவர்கள் முழுமையாகவே இறங்கலாம். முதல் நாலு நாள் கேமரா இல்லாமல் போய், அங்குள்ளவர்களிடம் பேசிப் பழகிச் சம்மதம் பெற்ற பிறகு எடுங்கள்.