எலுமிச்சைக்கு வேப்பங்கொட்டைச் சாறு: சில ஆண்டுகளாக அடித்துப் பார்த்ததில்

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குக் காய் போடும் தோப்புக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சாறு அடித்தால் புழு சாகுமா?" என்பதுதான். அன்றே சாகாது. கடை மருந்துக்குப் பழகியவர்கள் மறுநாள் காலையில் மரத்தடியில் புழு உதிர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள், கிடக்காது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்னவிடாது, தோலுரிக்கவும் விடாது. புழு சில நாட்கள் இலைமேலேயே சும்மா இருக்கும். இந்தச் சில நாட்களைப் பொறுக்க முடியாதவர்கள் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது.

எனக்கு இது முழுப் பலன் தந்தது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவிடம். சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. பச்சை நிறத்துக்கு மாறிப் பருத்த பிறகு, தொட்டால் தலைப்பக்கம் கொம்பை நீட்டி நாற்றம் விடும். அந்தப் பருவத்தில் சாறு அடிப்பது வீண், கையால் பொறுக்கிவிடலாம். எச்சம் போலத் தெரியும்போதே அடிக்க வேண்டும்.

இலைத்துளைப்பானிடமும் நேரம்தான் முக்கியம். அது இலையின் தோலுக்கு அடியில் புகுந்து வெள்ளிக் கோடுகளாகச் சுரங்கம் போடும். கோடு தெரிந்து, இலை சுருண்ட பிறகு மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே போய்ச் சேருவது அரிது. முற்றிய இலையை அது தொடுவதில்லை. ஆகவே சாரலுக்குப் பின்னும் ஐப்பசி மழைக்குப் பின்னும் தளிர் தலைகாட்டும்போதே ஒரு தெளிப்பு, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் இன்னொன்று. பெரிய மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்றுகள் தாங்காது, அந்தக் காயங்கள் வழியாகத்தான் சொறிநோய்க் கிருமி எளிதாக நுழைகிறது.

தயாரிப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கினால் 5 சதவீதச் சாறு. இரட்டையாக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். கொட்டையை ஆனி, ஆடியில் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமாகச் சாக்கில் வைக்க வேண்டும். பூசணம் பிடித்ததையும் போன வருடத்து மிச்சத்தையும் நான் சேர்ப்பதில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் வேம்புக்குப் பஞ்சமில்லை. பொறுக்கித் தரத்தான் ஆள் வேண்டும்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் தண்ணீர். எங்கள் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. சாறு இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் காதி சோப்பை அதில் கரைத்தால் திரிந்து மிதக்கும். சாறு இலையில் ஒட்டாது. காரத்தன்மையுள்ள நீரில் அசாடிராக்டினும் விரைவில் சிதையும். சந்தையில் கழித்துப் போட்ட எலுமிச்சைக் காய்களின் சாற்றைக் கொஞ்சம் விட்டால் காரம் குறையும், ஆனால் புளிப்பு பட்டால் சோப்பு இன்னும் திரியும். அதனால் சோப்பை விட்டுவிட்டுப் பூந்திக்கொட்டையை ஊறவைத்த நீருக்கு மாறினேன். புளிப்பானாலும் உப்பு நீரானாலும் அது நுரைக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் சாறு இலையில் படிவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

வெயிலில் இதன் வீரியம் தங்காது என்பதால் மாலையில்தான் அடிக்கிறேன். ஆடிக் காற்றில் அதுவும் நடக்காது; செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று மருந்தைப் பக்கத்துத் தோப்புக்குக் கொண்டுபோய்விடும். வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் அடித்தால் தளிர் கருகும். எண்ணெய் வாடை காயில் ஏறினால் வியாபாரி மூக்கைச் சுளிப்பார் என்பதால் பறிப்பு நெருங்கும்போது எண்ணெய் பக்கமே போவதில்லை.

நொச்சி, எருக்கு, ஆடாதொடை போட்டு ஊறவைக்கும் இலைக் கரைசலையும் அடித்துப் பார்த்தேன். நாற்றம் பெரிது, என் தோப்பில் பலன் சிறிது, விட்டுவிட்டேன். புகையிலைக் கஷாயம் தளிரை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை உடனே கொல்லும், அடிப்பவரையும் மயக்கும். செடியிலிருந்து வந்தது என்பதற்காக நிக்கோடின் சாதுவாகிவிடாது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டையும் அது விட்டுவைக்காது. வேம்பு அடித்த மரங்களில் பொறிவண்டு இருக்கிறது, முசுறு எறும்பின் கூடுகளும் இருக்கின்றன. முசுறு கடிப்பதாகப் பறிப்பாட்கள் திட்டுகிறார்கள். புழுவைத் தூக்கிக்கொண்டு போகும் அதைக் கலைக்க எனக்கு மனமில்லை.

பழம் துளைக்கும் அந்துப்பூச்சியிடம் வேம்பு தோற்றுவிட்டது. அது இரவில் வெளியிலிருந்து பறந்து வந்து சாற்றை உறிஞ்சிவிட்டுப் போகிறது. வரப்போரச் சாத்துக்குடிப் பழங்கள்தான் அதிகம் விழுகின்றன. அதன் புழு வளர்வது சீந்தில் கொடியில் என்பதால் வேலியில் படர்ந்ததை வெட்டினேன். மலையடிவாரத்துப் புதரை யார் வெட்டுவது? சிட்ரஸ் சில்லிட் பூச்சியின் குஞ்சுகளைத் தளிர்ப் பருவத்தில் சாறு குறைக்கிறது. ஆனால் அந்தப் பூச்சி பரப்பும் பசுமையாதல் நோய் பிடித்துவிட்ட மரத்தைச் சாறு மீட்காது. எங்கள் பக்கம் அப்படி ஒரு மரம் தெரிந்தால் வேம்பை மட்டும் நம்பி இருக்க மாட்டேன், மரத்தையே எடுத்துவிடுவேன்.

ஓரிரு ஏக்கர் வரை வீட்டுச் சாறு கட்டுப்படியாகும். அதற்கு மேல் இடிக்கும் கூலியே தின்றுவிடும். கடையில் 1,500 அல்லது 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று அசாடிராக்டின் அளவு அச்சிட்ட புட்டியை, காலாவதித் தேதி பார்த்து வாங்கிவிடலாம். அதற்கும் பூந்திக்கொட்டை நீரே போதும்.