“ஐயான் வாசல்லயே இருக்கு தம்பி” என்று சொன்னார்கள்: 1800 டாலர் போச்சு

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அங்கங்கே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில், ஒன்டாரியோவின் கிச்சனர், வாட்டர்லூ, கேம்பிரிட்ஜ் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வரப்போகிற நம்ம ஆட்கள் யாராவது இருந்தால் இதைப் படித்து முடிக்கும்வரை ரூமுக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். எனக்குப் போனது 1800 டாலர். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக ஒரு பட்டியலும் தருகிறேன்.

ஆளின் பெயரைப் போடப் போவதில்லை, போட்டால் அதை வைத்து என்னையே மிரட்டுவார். ரூம் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைப் பார்த்தது பழைய சோபா, குளிர்கால டயர் எல்லாம் விற்கிற மாதிரியான ஒரு தளத்தில்.

ஒன்றரை வருஷமாக டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் நான்கு பேரோடு இருந்தேன். போன மாதம் வாட்டர்லூவின் வடக்கே, நார்த்ஃபீல்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணி ஷிஃப்ட். கையில் இருப்பது ஜி1 லைசென்ஸ் மட்டும், அதை வைத்துக்கொண்டு தனியாக வண்டி ஓட்ட முடியாது, கார் வாங்கவும் காசில்லை. அதனால் எனக்கு இருந்த ஒரே நிபந்தனை, வீடு ரயில் பக்கத்தில் இருக்க வேண்டும். ரூம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஐயான் ரயிலைத் தெரியாதவர்களுக்கு: 2019 ஜூன் 21 அன்று ஓட ஆரம்பித்தது. வாட்டர்லூவின் கோனெஸ்டோகா மாலில் தொடங்கி, யுனிவர்சிட்டி, கிச்சனர் டவுன்டவுன் வழியாக ஃபேர்வே வரைக்கும் 19 கிலோமீட்டர். தெருவிலேயே தண்டவாளம் போட்டு, மணியடித்துக்கொண்டு போகிற நல்ல வண்டி. வண்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: “ஐயான் ஸ்டேஷன் 3 நிமிட நடை. நேரடி சர்வீஸ். யுனிவர்சிட்டி, நார்த்ஃபீல்டு போக வசதி. வாடகை 750.” இடம் கேம்பிரிட்ஜ், பழைய கால்ட் பகுதி, ஐன்ஸ்லி டெர்மினல் பக்கம்.

பார்க்காமல் பணம் அனுப்பிய முட்டாள் என்று நினைப்பீர்கள். பார்த்தேன். போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். ஐன்ஸ்லியில் “302 ஐயான்” என்று இருந்தது. நார்த்ஃபீல்டில் “301 ஐயான்”. 301 ரயில் என்றால் 302-உம் ரயில்தானே? டொராண்டோவில் லைன் 1, லைன் 2 என்று இருக்கிற மாதிரி இதுவும் இன்னொரு லைன் என்று எடுத்துக்கொண்டேன். அங்கேதான் கவிழ்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவரே கூப்பிட்டார். எடுத்ததும் தமிழ். “சாப்பிட்டீங்களா தம்பி?” என்றார். சொந்த ஊர் எது என்று கேட்டார், திருச்சி என்றேன், “அட, நான் கும்பகோணம் பக்கம்தான்” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குக்கர் விசில். “ஒரு நிமிஷம் தம்பி, மூணு விசில் ஆச்சு, அணைச்சுட்டு வந்துடறேன்” என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தேன். அடுப்பை அணைக்கிறார், மூடியிலிருந்து ஆவி சீறுகிறது, யாரோ ஒரு குழந்தை எதற்கோ அழுகிறது. என் அக்கா வீட்டுக்குப் போன் போட்டால் பின்னால் என்ன சத்தம் கேட்குமோ அதேதான். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நான் 1800 டாலர் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது, ரூமுக்கு இல்லை.

திரும்பி வந்து, “ரயில் வாசல்லயே இருக்கு தம்பி, ஏறி உட்கார்ந்தா நார்த்ஃபீல்டுதான்” என்றார். கையோடு ஒரு வீடியோ அனுப்பினார். ரயில் வருகிறது, மணியடிக்கிறது, கதவு திறக்கிறது, அப்புறம் வெட்டு, அடுத்து ரூம்: கட்டில், மேஜை, சுவரில் ஒரு காலண்டர். மொத்தம் 24 விநாடி. இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், ராத்திரிக்குள் அனுப்பினால் உங்களுக்குத்தான் என்றார். முதல் மாதம் 750, கடைசி மாதம் 750, சாவி டெபாசிட் 300. அனுப்பினேன். பாஸ்வேர்டு கேள்வி எதுவும் கேட்காமல் பணம் நேராக அவர் கணக்கில் போய் விழுந்தது. பரவாயில்லையே, வேலை சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் எரிகிறது.

வெள்ளிக்கிழமை டொராண்டோ யூனியன் ஸ்டேஷனில் கோ என்கிற வெளியூர் ரயில் ஏறி கிச்சனரில் இறங்கினேன். இரண்டு சூட்கேஸ், ஒரு அட்டைப் பெட்டியில் மிக்ஸி. ஐயானின் சென்ட்ரல் ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு நடந்தேன். பிளாட்ஃபாரத்தில் டொராண்டோவில் பஸ், ரயிலுக்குத் தட்டுகிற என் பிரெஸ்டோ கார்டைத் தட்டினால் எடுக்கவில்லை, இந்த ஊருக்கு ஈஸிகோ என்று தனிக் கார்டு. மெஷினில் டிக்கெட் எடுத்து ஏறினேன். மார்க்கெட், போர்டன், மில், பிளாக் லைன், அப்புறம் ஃபேர்வே. எல்லோரும் இறங்கினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன், இன்னும் கேம்பிரிட்ஜ் வரவில்லையே.

மளிகைப் பைகளோடு இறங்கப்போன ஒரு வயதான அம்மா என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, எங்கே போகணும் என்று கேட்டார். ஐன்ஸ்லி என்றேன். “அது பஸ்ஸப்பா, ரயில் இதோட சரி” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொல்லி, வெளியே கையைக் காட்டினார். அங்கே ஒரு பஸ் நின்றிருந்தது. நெற்றியில் 302 ஐயான்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் 301 ஐயான் ரயில், 302 ஐயான் பஸ். கேம்பிரிட்ஜுக்கு ரயில் போகவே போகாது. இரண்டாம் கட்டமாக அங்கே நீட்டிப்போம் என்று வருஷக்கணக்காகப் பேசுகிறார்கள், தண்டவாளம் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் அதே பெயரில் பஸ். எங்களுக்கு மட்டும் ரயில் இல்லையே என்று கேம்பிரிட்ஜ்காரர்களுக்கே இதில் பழைய மனக்குறை உண்டு. உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வெளியிலிருந்து வருகிறவனுக்குத்தான் தெரியாது, அந்த ஆளுக்கும் அது போதும்.

பஸ்ஸில் ஏறினேன். ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட், 401 நெடுஞ்சாலை, பைன்புஷ், கேம்பிரிட்ஜ் சென்டர். ஹெஸ்பெலர் ரோட்டில் வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசல், பஸ் நகரவே இல்லை. மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இந்த பஸ், ஃபேர்வேயில் மாறக் காத்திருப்பு, அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஏழு மணி ஷிஃப்டுக்கு நான் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது? ஜனவரியில்? கால்ட் அழகான ஊர், ஆற்றங்கரையில் பழைய கல் கட்டடங்கள், வேறொரு நாள் வந்திருந்தால் போட்டோ எடுத்திருப்பேன்.

ரூம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். காலண்டர் கூட இருந்தது. வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். ஏஜென்ட்டிடமிருந்து ஒரு மாத வாடகை மட்டும்தான் வந்தது, மீதி எதுவும் எனக்குத் தெரியாது என்றார். இருட்டிவிட்டது, வேறு போக்கிடம் இல்லை, அன்று ராத்திரி அங்கேயே படுத்தேன். அதுவும் தப்பாகப் போனது.

மறுநாள் ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். கத்தவில்லை, மரியாதையாகத்தான் கேட்டேன். “அண்ணா, ரயில்னு சொன்னீங்களே?”

“ஐயான்னுதான் தம்பி போட்டிருந்தேன். ஐயான் இருக்கா, இல்லையா?”

“அது பஸ் அண்ணா.”

“பஸ்ஸோ ரயிலோ, பேர் என்ன போட்டிருக்கு, நீங்களே பாருங்க.”

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். “ஒரு ராத்திரி தங்கிட்டீங்களே, அப்ப குடி வந்தாச்சுன்னுதானே அர்த்தம்?” என்றார். திங்கட்கிழமை கணக்கு பார்க்கிறவர் வருவார், பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். திங்கள் வந்தது, புதன் என்றார். புதன்கிழமை மெசேஜில் தம்பி போய் சார் வந்துவிட்டது. “சார், இது தொடர்பாக எழுத்துமூலம் மட்டும் தொடர்புகொள்ளவும்.” என்னை தம்பி என்று கூப்பிட்டு 1800 டாலர் வாங்கியவர், அதைத் திருப்பிக் கேட்டதும் சார் என்கிறார்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். ஒன்டாரியோவில் கடைசி மாத வாடகையை முன்பணமாக வாங்கலாம். சேதத்துக்கு என்று டெபாசிட் வாங்கவே கூடாது. சாவிக்கு வாங்கினால் சாவி செய்கிற செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, சாவியைக் கொடுத்ததும் பணமும் திரும்ப வேண்டும். 300 டாலருக்கு என்ன தங்கச் சாவியா? இதை எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: வீட்டுக்காரரோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்கிற ரூமுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது சார். பார்த்தால் அது உண்மைதான். ஒரே சமையலறை, மாடியில் வீட்டுக்காரர். இப்படியொரு விதிவிலக்கு இருப்பதையே எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பொய் சொல்லவில்லை. அதற்கப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

தளத்துக்கு எழுதினேன், இது இரு தரப்புக்கும் இடையிலான விஷயம் என்று ஒரு தானியங்கிப் பதில், புகார் முடிக்கப்பட்டது என்று அடுத்த நிமிஷமே இன்னொன்று. பேங்கில் கேட்டேன், நீங்களே விருப்பப்பட்டு அனுப்பியது, கணக்கில் விழுந்த பணத்தைத் திரும்ப இழுக்க முடியாது என்றார்கள். போலீஸ் நம்பருக்கும் போட்டேன், ரூம் நிஜமாகவே இருந்ததா என்று கேட்டார்கள், இருந்தது என்றேன், அப்படியானால் இது சிவில் விவகாரம் என்றார்கள். யாருமே திட்டவில்லை, எல்லோரும் ரொம்ப மரியாதையாகத்தான் கதவைச் சாத்தினார்கள். 1800 டாலர். ஊரில் அம்மாவுக்கு ஆறு மாதம் அனுப்புகிற பணம்.

இப்போது பிளாக் லைன் பக்கம் ஒரு நண்பன் வீட்டு சோபாவில் படுத்திருக்கிறேன். இங்கிருந்து நிஜ ரயில், நெரிசல் நேரத்தில் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒன்று, நேராக நார்த்ஃபீல்டு. அந்த 1800 என் கையில் இருந்திருந்தால் இந்தப் பக்கமே ஒரு ரூம் பிடித்திருப்பேன்.

நேற்று ராத்திரி அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் 11ஆவது விநாடியில், ரயில் கதவு திறக்கும்போது, பின்னால் இருக்கும் பலகையில் ஸ்டேஷன் பெயர் தெரிகிறது. பிளாக் லைன். நான் படுத்திருக்கும் சோபாவிலிருந்து நடந்து போகிற தூரம். முதல் நாள் வீடியோவை அனுப்பியபோதே அது அங்கேதான் இருந்தது.

பட்டியல் போடுகிறேன் என்றேன், மணி ஐந்தரை ஆகிவிட்டது, ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்: ரயில் என்றால் 301 மட்டும், கடைசி ஸ்டேஷன் ஃபேர்வே, அதற்குத் தெற்கே யார் ரயில் என்று சொன்னாலும் பொய். வேலை செய்யும் இடத்தையும் ஷிஃப்ட் நேரத்தையும் போட்டு மேப்பில் வழி பாருங்கள், ஸ்டேஷன் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கும் தனியாகப் பாருங்கள், அன்றைக்கு வண்டி குறைவு. சமையலறை யாரோடு என்று கேளுங்கள். சாவிக்கு முந்நூறு கேட்டால் போனை வையுங்கள். தமிழில் பேசுகிறார், குக்கர் விசில் கேட்கிறது என்பதற்காகப் பணம் அனுப்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறேன், அதே ரூமை மறுபடி விளம்பரம் போட்டிருக்கிறார், வாடகை இப்போது 780, வீடியோ அதேதான். யாருக்காவது வந்தால் 11ஆவது விநாடியில் நிறுத்திப் பாருங்கள்.